குதிகாலுக்கு அடியில் தலையணை

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து திரும்பியவர் வீட்டுக்குப் போனால், தையலைப் பார்ப்பதற்கு முன்பே தலையணை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவேன். மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை கொடுப்பவள் நான். தலையணை பெரும்பாலும் முட்டிக்கு அடியில்தான் இருக்கும். மகளோ மருமகளோ பாசத்தோடு வைத்தது. முட்டி லேசாக மடங்கியிருந்தால் வலி குறைகிறது, தூக்கம் வருகிறது. பின்னால் நடையைக் கெடுப்பதும் அந்தச் சுகம்தான்.

அதை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொல்வேன். முட்டி அந்தரத்தில் நின்று தன் எடையாலேயே மெல்ல நிமிரும். பின்தொடை இழுக்கும். முடிந்தவரை தாங்கி, பத்து நிமிடம் வரை கொண்டுபோகலாம். நாளுக்கு மூன்று நான்கு வேளை. கால் எவ்வளவு மடங்குகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு நிமிர்கிறது என்று கேட்பவர் அரிது. மட்டமான தரையில் நடக்க 70 டிகிரி மடங்கினாலே போதும். நாற்காலியிலிருந்து எழவும் படியேறவும் 90, 100 வேண்டும். நிமிராத முட்டியோ அடிக்கு அடி தொல்லை கொடுக்கும். அந்தக் கால் குட்டையானது போல் நடை நொண்டும், தொடை ஓயாமல் உழைத்துக் களைக்கும், இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும். மூட்டைச் சுற்றித் தழும்பு இறுகுவதற்கு முன், முதல் ஆறு வாரத்துக்குள் நிமிர்த்திவிட வேண்டும்.

உள்ளே வைத்த மூட்டு உறுதியானது. தொடை எலும்பு முனையில் கோபால்ட் குரோமிய உலோகம், கீழ்க்கால் எலும்பின் மேல் பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன். ஆபரேஷன் அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைப்பது அந்த உறுதியை நம்பித்தான். பலவீனம் தசையில் இருக்கிறது. முட்டி வீங்கி வலிக்கும்போது முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே அடக்கிவிடுகிறது. முதல் மாதத்தில் அந்தத் தசை பாதிக்கும் மேல் பலம் இழக்கிறது. “தூக்குன்னு சொல்றேன், கால் கேக்க மாட்டேங்குது தாயி” என்று அழுதவர்கள் உண்டு. சோம்பல் என்று அவர்களைத் திட்டும் வீட்டாரைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. வலியையும் வீக்கத்தையும் அடக்கினால்தான் தசை விழிக்கும். அதனால் வலி மாத்திரையும் நடைப் பயிற்சியில் ஒரு பாகம்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் பூக்கட்டிப் பிழைக்கும் அம்மா ஒருவர் மாத்திரையைத் தலைமாட்டில் ஒளித்து வைத்திருந்தார். “கிட்னி போயிரும்ல தாயி. தாங்க முடியலேன்னா மட்டும் போட்டுக்கிறேன்.”

“வலி உச்சிக்கு ஏறிருச்சுன்னா இறக்குறது சிரமம் அம்மாச்சி. எக்ஸர்சைஸுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி போட்டுக்கங்க. டாக்டர் எழுதினதை மட்டும், எழுதின நேரத்துக்கு.”

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் ஆபத்து. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது கூடவே கூடாது. மருத்துவர் எழுதிய அளவில் பாராசிட்டமால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. கூடவே ஐஸ்: துண்டில் சுற்றி, பயிற்சி முடிந்ததும் 15, 20 நிமிடம். படுக்கும்போது கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், முட்டி நிமிர்ந்தபடி. எண்ணெய் போட்டு உருவிவிடுவது வேண்டாம். காயம் ஆறியிருக்காது, கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்தால் உருவுவதே உயிருக்கு ஆபத்து. கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் வடிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பலருக்கு மூன்றாவது வாரம்தான் கடினம். பலமான மாத்திரைகள் நின்றுபோயிருக்கும், நடமாட்டம் கூடியிருக்கும், இரவில் குடைச்சல் எடுக்கும். ஆபரேஷனே தோற்றுவிட்டதோ என்று பயப்படுவார்கள். மறுநாள் காலை வீக்கம் முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் அன்று பயிற்சியைப் பாதியாக்குங்கள். இல்லையென்றால் அதே அளவு தொடரலாம். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருப்பதும், முட்டியில் டிக் டிக் சத்தமும், மாதக்கணக்கில் நீடிக்கும் இளஞ்சூடும் இயல்புதான்.

நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் படட்டும். வாக்கரை விட்டுக் கம்புக்கு மாறினால், கம்பு ஆபரேஷன் ஆகாத காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் செய்த கால் முதலில்.

செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே இந்த ஆபரேஷன் நடக்கிறது. ஆனால் வீடு திரும்பிய பிறகு பயிற்சி சொல்லித்தர ஆளில்லாமல் விறைத்துப்போன கால்களை நான் நிறையப் பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் வலி விடாதவர்கள் இருக்கிறார்கள், ஐந்தில் ஒருவர் வரைகூட. “நீ ஒழுங்கா பயிற்சி செய்யலை” என்று அவர்கள் மேல் பழி போடாதீர்கள். மூட்டு தளர்ந்திருக்கலாம், உள்ளே கிருமி இருக்கலாம், முதுகிலிருந்தோ இடுப்பு மூட்டிலிருந்தோ இறங்கும் வலியாகவும் இருக்கலாம். திரும்ப அழைத்துக்கொண்டு போங்கள். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.