தாய்க்கிழங்கும் சேய்க்கிழங்கும்

மாத்தளையில் எமது இல்லத்து முற்றத்தில் நிலச்சம்பங்கிப் பாத்தி ஒன்று உண்டு. மூன்றாண்டுகள் வெண்மலர் சொரிந்த அது, சென்ற ஆண்டு இலை தழைத்தும் பூவாது நின்றது. எருப் போதவில்லை என்றெண்ணி மேலும் இட்டேன், இலையே மிகுந்தது.

இலை பழுத்தபின் மண்ணை அகழ்ந்தேன். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. இதன் கிழங்கு ஒருமுறையே பூக்கும். பூத்த தாய்க்கிழங்கு மெலிந்து மடிய, அதன் புறத்தே சேய்க்கிழங்குகள் பல தோன்றும். பிரித்து நடாவிடின் அவை ஒன்றையொன்று நெருக்கிச் சிறுத்துவிடும். பருத்தவற்றைத் தேர்ந்து, நீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் ஒரு சாண் இடைவிட்டு, இரண்டங்குல ஆழத்தில் நட்டேன். சிறியவற்றை வேறாக வைத்தேன். அவை பருத்துப் பூக்க ஓராண்டேனும் வேண்டும்.

இம்மலரைச் சங்கநூல்களில் தேடும் மாணாக்கர் உளர். இதன் தாயகம் மெக்சிக்கோ. ஐரோப்பியர் அமெரிக்கா கண்ட பின்னரே கீழ்த்திசை வந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் இது இருத்தல் இயலாது. ஆயினும், சம்பங்கி என்னும் பழம்பெயரை ஈந்து தமிழர் இதனைத் தமதாக்கினர். இன்று இஃதின்றிக் கோயில் மாலை நிறைவதில்லை. பிறந்த மண்ணைப் பிரிந்து வந்ததனாற்றான் இப்பெருமை எய்திற்று.

உயர்கல்வி கருதி வெளியூர் செல்ல விடைகேட்ட மாணாக்கன் ஒருவனை, ‘என் அருகிருந்தே பயில்க’ என்று ஈராண்டு தடுத்திருந்தேன். அதனை அன்பென்றே கருதினேன். பாத்தியைப் பிரித்த மறுநாள் அவனை அழைத்து விடையளித்தேன். செல்லும்போது அவன் கையில் இரண்டு கிழங்குகளையும் கொடுத்தேன்.