வெடிச் சத்தத்துக்கு நாய் பழகுமா?

தீபாவளியன்று கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக்கொள்ளும் நாயைப் பற்றி யாரிடம் சொன்னாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "விடுங்க, பழகிடும்" என்பது ஒன்று. "கொஞ்சாதீங்க, கொஞ்சினா பயம் அதிகமாயிடும்" என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்டால் அனுபவசாலிகள் சொல்வது போலத்தான் இருக்கும். நாய்களின் அச்சத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. இரண்டாவது பதில் தவறு. முதல் பதிலில் கொஞ்சம் உண்மை ஒட்டியிருக்கிறது. அதனாலேயே அது அதிகம் கெடுக்கிறது.

பழகுவது நரம்பு மண்டலத்தின் இயல்புதான். ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் வளரும் நாய் மின்சார ரயிலுக்குத் தலையைக்கூடத் தூக்குவதில்லை. அந்தச் சத்தம் தூரத்தில் தொடங்கி மெல்ல ஏறி இறங்குகிறது, நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் எந்தக் கேடும் விளைவதில்லை. இப்படிப்பட்ட ஒலியை மூளை விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஆனால், திடீரென்று வந்து உடலையே உலுக்குகிற ஒலி என்றால் அதே மூளை எதிர்த்திசையில் போகும். ஒவ்வொரு முறையும் பதற்றம் கூடும்; அடுத்த முறை அதைவிடச் சின்னச் சத்தமே போதுமானதாகிவிடும்.

பட்டாசு இந்த இரண்டாவது ரகம். எப்போது வெடிக்கும், எந்தப் பக்கம் வெடிக்கும் என்று நாய்க்குத் தெரியாது. ஓடினாலும் அடுத்த தெருவில் அதே சத்தம். பழகிக்கொள்ளும் அளவுக்கு அடிக்கடியும் வருவதில்லை: தீபாவளிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள், இடையில் ஒரு கோயில் திருவிழா வாணவேடிக்கை, ஓர் இறுதி ஊர்வலம், இந்தியா ஜெயித்த ஒரு கிரிக்கெட் இரவு. முதல் ஆண்டு அணுகுண்டுக்கு மட்டும் நடுங்கிய நாய் அடுத்த ஆண்டு லட்சுமி வெடிக்கே நடுங்கும். அதன்பின் இடி, தட்டு கீழே விழும் ஓசை, குக்கர் விசில் என்று பட்டியல் நீளும். சில நாய்களுக்குக் கந்தகப் புகை வாடையே போதும்.

ஒரு பெரும் அதிர்ச்சி நாயின் மூளையில் எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சான்று ஒன்று உண்டு. மணியோசையையும் எச்சிலையும் வைத்துப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்த இவான் பாவ்லவின் ஆய்வகத்தில் அது நடந்தது. 1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராடில் நேவா ஆறு கரைபுரண்டு நகருக்குள் புகுந்தது. பாவ்லவின் நாய்க் கூடங்களில் தண்ணீர் ஏறியது. கூண்டுகளுக்குள் மூழ்கும் நிலையில் இருந்த நாய்களை ஊழியர்கள் போராடி மீட்டார்கள். ஆபத்து நீங்கிய பிறகு சோதனைகளைத் தொடர்ந்தபோது, சில நாய்களிடம் பல மாதங்கள் பாடுபட்டு உருவாக்கிய பழகிய எதிர்வினைகள் காணாமல் போயிருந்தன. அவற்றில் ஒரு நாயைப் பொறுமையாக மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின், சோதனை அறைக் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான். நாய் கலவரமடைந்தது, கற்றதெல்லாம் மறுபடி கலைந்தது. வெள்ளத்தில் ஒரு துளியைக் காட்டியதும் மூளை முழு வெள்ளத்தையும் வரவழைத்துக்கொண்டது. அந்த நாயிடம் "பழகிடும்" என்று சொல்லிப் பயனில்லை.

இந்த அச்சம் ஏதோ சில கோழை நாய்களின் குறை அல்ல. ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்லாந்தின் 13,700 வீட்டு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் விவரம் திரட்டி 2020-இல் வெளியிட்டார்கள். பதற்றம் சார்ந்த சிக்கல்களில் முதலிடம் பிடித்தது சத்தம் குறித்த அச்சமே: 32 சதவீத நாய்களிடம் அது இருந்தது. இனத்துக்கு இனம் அளவு மாறுகிறது. மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு.

நாய்க்கு நம்மைவிட நாலு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்று ஒரு கணக்கு உலவுகிறது. அது சரியல்ல. தாழ்ந்த சுருதி ஒலிகளைக் கேட்பதில் நமக்கும் நாய்க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் மேலே இருக்கிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை போகும். அந்த உயர்ந்த அலைவரிசைகளில் நமக்கு எட்டாத மெல்லிய ஒலியும் அதற்கு எட்டும். ராக்கெட் கிளம்பும் சீற்றத்தில் நமக்குக் கேட்காத பகுதியும் நாய்க்குக் கேட்கிறது.

வெடியின் வீச்சையும் பார்ப்போம். இந்தியச் சட்டப்படி ஒரு பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அப்படியானால் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வெடியே 32 மீட்டர் தள்ளி, அதாவது நாலைந்து வீடு தாண்டியும், 107 டெசிபல் அளவில் கேட்கலாம். இருபுறமும் சுவர் நெருக்கும் நம் தெருக்களில் ஒலி எதிரொலித்து இதைவிட மெதுவாகவே தேயும். காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை மட்டுமே வெடிக்கலாம் என்று 2018-இலிருந்து தமிழ்நாட்டில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. அதை எந்தத் தெரு கடைப்பிடிக்கிறது என்பதை வாசகர்களின் அனுபவத்துக்கே விட்டுவிடலாம்.

இத்தகைய ஒலி காதில் பட்டதும் உடல் துள்ளுவதற்குச் சிந்தனை தேவையில்லை. செய்தி காதிலிருந்து மூளைத் தண்டு வழியாகத் தசைகளுக்கு மில்லி நொடிகளில் போய்விடுகிறது. நமக்கும் அப்படித்தான். ஆனால் நமக்கு அடுத்த கணமே "பக்கத்து வீட்டுப் பையன் வெடிக்கிறான்" என்ற விளக்கம் கிடைத்துவிடுகிறது. நாய்க்கு அந்த விளக்கம் கிடைப்பதே இல்லை. அட்ரினலினும் கார்டிசாலும் ஏறுகின்றன, இதயம் படபடக்கிறது, வாய் திறந்து மூச்சிரைக்கிறது, வால் காலிடுக்கில் போகிறது. பயம் எப்போதும் நடுக்கமாகவே வெளிப்படும் என்று நினைக்க வேண்டாம். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, ஆளை விட்டு அகலாமல் ஒட்டிக்கொள்வது, பிடித்த சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது, இவையும் பயத்தின் அறிகுறிகளே.

இப்போது கொஞ்சும் விஷயத்துக்கு வருவோம். உட்காரச் சொல்லி, உட்கார்ந்ததும் பிஸ்கட் கொடுத்தால் நாய் அடிக்கடி உட்காரும். அதே தர்க்கத்தில், நடுங்கும்போது தடவிக்கொடுத்தால் அடிக்கடி நடுங்கும் என்று நினைக்கிறோம். உட்காருவது நாய் தன் விருப்பத்தோடு செய்கிற செயல். பயம் அப்படியல்ல, அதன் மேல் வந்து விழுவது. பரிசு கிடைக்கும் என்று எந்த உயிரும் கூடுதலாகப் பயப்படாது. அமெரிக்காவில் நான்சி டிரெஷலும் டக்ளஸ் கிரேஞ்சரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இடிக்குப் பயப்படும் 19 நாய்களுக்கு ஒலிப்பதிவு செய்த இடி மழையைப் போட்டுக் காட்டி எச்சிலில் கார்டிசாலை அளந்தார்கள். அது 207 சதவீதம் உயர்ந்தது. வளர்ப்பவர் எவ்வளவு அன்பு காட்டினார் என்பது அந்த உயர்வைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வீட்டில் வேறு நாய்களும் இருந்தவை சீக்கிரம் தெளிந்தன. ஆகவே உங்கள் நாய் மடியைத் தேடி வந்தால் மடியைக் கொடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் அங்கேயே இருக்க விடுங்கள். இழுத்து வந்து கொஞ்சுவது உதவியல்ல. கட்டிவைத்து வெடியைக் காட்டித் "தைரியம்" ஊட்டுவது கொடுமை. திட்டுவது அதைவிட வீண்.

பயத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதற்கும் வயது நூறு. லெனின்கிராடில் வெள்ளம் வந்த அதே 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று வயதைத் தொடாத பீட்டருக்கு முயலைக் கண்டால் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிடும் வேளையில் கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். நாய்களுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் பயிற்சி இதன் நேர் வாரிசு. முயலின் இடத்தில் ஒலி, தூரத்தின் இடத்தில் ஒலியளவு.

பட்டாசு ஒலிப்பதிவு ஒன்றை மிகக் குறைந்த அளவில், நாய் காதை மட்டும் திருப்பிப் பார்க்கும் அளவில், ஒலிக்க விடுங்கள். சத்தம் வந்த உடனே அதற்கு மிகப் பிடித்த தீனி: அவித்த கோழித் துண்டோ, முட்டையோ. வரிசை மாறக் கூடாது. தீனி முதலில் வந்து வெடி பின்னால் வந்தால், நாளடைவில் கோழித் துண்டே ஆபத்தின் அறிவிப்பாகிவிடும். சில நிமிடங்களில் நிறுத்திவிடுங்கள். சத்தம் கேட்டதும் நாய் உங்கள் கையை ஆவலோடு பார்க்கத் தொடங்கினால்தான் அடுத்த நாள் ஒலியளவை ஒரு படி கூட்டலாம். தீனியை மறுத்தால் படி அதிகம் என்று பொருள். திரும்பக் கீழே இறங்குங்கள். ஐப்பசி தீபாவளிக்கு ஆடியிலேயே தொடங்குவது நல்லது. முந்தைய வாரம் அவசரமாகத் தொடங்கினால் பயிற்சியே பயத்தைக் கிளப்பிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கியால் வெடியின் அடித்தொனியையும் தரை அதிர்வையும் கொடுக்க முடியாது. பதிவுக்குக் கலங்காத நாய் நிஜ வெடிக்கு அலறக்கூடும். பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ரீமர் 1,225 நாய் வளர்ப்பவர்களிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு இதை ஒட்டியே பேசுகிறது. ஒலிப்பதிவுப் பயிற்சி பலன் தந்தது என்றவர்கள் 55 சதவீதம். நிஜச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்போதைக்கப்போது தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் பலன் கண்டதாகச் சொன்னார்கள். உடலை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு 44 சதவீதம். மூலிகை, ஹோமியோபதி, மலர் மருந்து, வாசனை எண்ணெய் வகையறாவுக்கு 27 முதல் 35 வரை; மாவு உருண்டை கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய இவ்வளவு பேர் பலன் தெரிந்தது என்றிருப்பார்கள். இவை வளர்ப்பவர்களின் மதிப்பீடுகள், ஆய்வக அளவுகள் அல்ல. இருந்தாலும், மிகச் செலவு குறைந்த வழியே முன்னால் நிற்பது கவனிக்கத்தக்கது. ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு வெடி கேட்டால் உடனே ஒரு துண்டு கோழி. சட்டைப்பையில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அவ்வளவுதான்.

பண்டிகையன்று செய்ய வேண்டியவை எளியவை. மாலை வெடி தொடங்குவதற்குள் நடை, மலசலம், சாப்பாடு எல்லாம் முடித்துவிடுங்கள். தெருவிலிருந்து தள்ளியிருக்கும் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். சுவரும் கதவும் உயர்ந்த சுருதியைத்தான் நன்றாகத் தடுக்கும். 'தும்' என்ற அடித்தொனி உள்ளே வரவே செய்யும். மின்விசிறி, தொலைக்காட்சி, தவில் கச்சேரி எதுவாக இருந்தாலும் அதன் மேல் ஒரு போர்வையாக விழுந்தால் நல்லது. விருந்தாளி வந்து போகும் நாள், வாசல் கதவு அடிக்கடித் திறக்கும். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். மிரண்டு ஓடும் நாய் வீட்டு வழியை யோசிப்பதில்லை.

கடுமையாகப் பயப்படும் நாய்க்குப் பயிற்சி மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். ரீமரின் கணக்கெடுப்பில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து பலன் தந்தது என்றவர்கள் 69 சதவீதம். ஆனால் தூங்க வைப்பதும் பயத்தைப் போக்குவதும் வேறு வேறு. ஏசிபுரோமசின் என்ற பழைய மருந்து உடலை அசையவிடாமல் செய்யும், அச்சத்தைத் தொடுவதில்லை. வெளியே சாந்தமாகத் தெரியும் நாய் உள்ளே அலறிக்கொண்டிருக்கலாம். அதை மட்டும் கொடுப்பதை விலங்கு நடத்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. அல்பிரசோலம், டிராசோடோன், கேபாபென்டின் போன்றவை வேறு வழியில் பதற்றத்தைத் தணிப்பவை. ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையில் தடவும் டெக்ஸ்மெடடோமிடின் களிம்புக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்திருக்கிறது. மூளையில் நாரட்ரினலின் சுரப்பதை அது குறைக்கிறது. எதை, எவ்வளவு என்பதை உங்கள் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார். வீட்டு அலமாரியில் இருக்கும் தாத்தாவின் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். சில நாய்களுக்குச் சில மருந்துகள் நேர்மாறாகக் கிளர்ச்சியைக் கூட்டும். ஆகவே பண்டிகைக்கு முன்பே ஓர் அமைதியான நாளில் ஒரு வேளை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை ஆண்டு அசையாமல் இருந்த நாய் நடுவயதில் திடீரென்று சத்தத்துக்குப் பயப்படத் தொடங்கினால் முதலில் அதன் மூட்டுகளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் டேனியல் மில்ஸ் குழுவினர் 2018-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், சத்தத்துக்கு அஞ்சிய 20 நாய்களில் 10 நாய்களுக்குத் தசை, எலும்பு வலி இருந்தது. அவற்றுக்கு அச்சம் மற்றவற்றைவிடச் சுமார் நான்கு ஆண்டு தாமதமாகவே தொடங்கியிருந்தது. சத்தம் கேட்டுத் துள்ளும்போது வலிக்கும் மூட்டு இழுபடுகிறது. சத்தமும் வலியும் சேர்ந்துவிடுகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். வலிக்கு மருந்து கொடுத்தால் பயமும் இறங்க வாய்ப்புண்டு.

தெருநாய்க்கு உள்ளறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழேயோ கார் நிற்கும் இடத்திலோ ஒரு மூலை திறந்திருந்தால் அது வந்து படுத்துக்கொள்ளும். விரட்டாமல் இருந்தால் போதும். மறுநாள் விடிந்த பிறகும் எல்லா நாய்களும் தெளிந்துவிடாது. பெரும்பாலானவை காலைக்குள் இயல்புக்கு வரும், சில நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நடைக்குக் கிளம்பிய உங்கள் நாய் தெருமுனையில் நின்று மறுத்தால் இழுக்காமல் வேறு தெருவில் கூட்டிப் போங்கள். திரும்பி வந்ததும் பாதங்களைப் பாருங்கள். எரிந்த மத்தாப்புக் கம்பிகள் இரண்டு மூன்று நாளைக்கு எல்லாத் தெருவிலும் கிடக்கும்.