நான்காவது கால்

சாய்ந்த அடுப்பில் தோசை வார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லில் விட்ட எண்ணெய் ஒரு ஓரமாக ஓடித் தேங்கும். அந்தப் பக்கம் முறுகும், எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அடுப்பின் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகிவிட்டு அடுத்த தோசைக்குப் போய்விடுவோம். வாஷிங் மெஷினுக்கும் அதே வைத்தியம் போதும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

எங்கள் வாடகை வீட்டில் மெஷின் நின்றது சமையலறைக் கோடியில், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி. துணி பிழியும் கட்டம் வந்தால் போதும், அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்து அலமாரிக் கதவை இடிக்கும். ஒருநாள் தண்ணீர் ஹோஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அட்டை வைத்தோம். ஈரத்தில் ஊறி இரண்டே நாளில் கூழாகிப்போனது.

இதில் கொத்தனார் மேல் தப்பில்லை. தண்ணீர் புழங்கும் தரைக்கு வாட்டம் விட்டுத்தான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கால்களுக்கு நடுவே 5 மி.மீ. ஏற்ற இறக்கம் வரும். மூலையில் இருக்கும் துளையை நோக்கி இரண்டு பக்கமிருந்தும் வாட்டம் விட்டிருந்தால் தரை சாய்ந்திருப்பதோடு நிற்காது, முறுக்கிக்கொண்டும் இருக்கும். சிக்கலே அந்த முறுக்கில்தான்.

பாட்டி காலத்து விறகடுப்புக்கு ஏன் மூன்று கல்? தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் மூன்று கல்லில் வைத்த பானை ஆடாது. சாயலாம், ஆடாது. நான்காவது கல்லை வைத்துப் பாருங்கள், பானை ஏதாவது மூன்றில் உட்கார்ந்துகொண்டு நான்காவதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வாஷிங் மெஷினுக்கு நான்கு கால். மேலே ரசமட்டம் வைத்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும், அப்போதும் ஒரு கால் தரையைத் தொடாமல் இருக்கலாம். மட்டமாக இருப்பது வேறு, ஊன்றி நிற்பது வேறு. மெஷினுக்கு இரண்டுமே வேண்டும், அதில் ஊன்றி நிற்பதே முக்கியம் என்பேன்.

ஏன் என்பதற்கு உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். கிரைண்டரில் ஊறிய அரிசியைப் போட்டதும் கல் முதலில் திக்கித் திணறும், மேடையே அதிரும். மாவு சீராகப் பரவியதும் அடங்கிவிடும். துணியும் அப்படித்தான் டிரம்மைச் சுற்றிச் சமமாகப் பரவ வேண்டும். ஒரு கனத்த துண்டு சுருண்டு ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு, அங்கே கால் கிலோ கூடுதலாகிவிட்டது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1200 சுற்றில், மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளியிருக்கும் அந்தக் கால் கிலோ வெளிநோக்கி இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 100 கிலோ பாரத்துக்குச் சமம். நான்கு அரிசி மூட்டை! அதுவும் நொடிக்கு 20 முறை திசை சுற்றிவரும் மூட்டை.

நல்லவேளையாக அவ்வளவும் தரைக்கு வந்து சேராது. முன்பக்கம் கதவுள்ள மெஷினில் டிரம் இருக்கும் தொட்டி மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கீழே ஷாக் அப்சார்பர் தாங்குகிறது. தொட்டியோடு ஒரு கான்கிரீட் கட்டியையும் பிணைத்திருப்பார்கள். ஆட்டுக்கல் எதற்குக் கனமோ அதற்குத்தான் அந்தக் கட்டியும். மேலே திறக்கும் மெஷினில் பெரும்பாலும் நான்கு கம்பிகளில் தொட்டி தொங்கும், டிரம்மின் விளிம்பு வளையத்துக்குள் உப்புநீர் இருக்கும். வேகம் பிடித்ததும் அந்த நீர் துணி கனத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து ஈடுகட்டிவிடும். அழகான ஏற்பாடு.

மோசமான ஆட்டம் முழு வேகத்தில் வருவதில்லை. வேகம் ஏறும் வழியில், ஸ்பிரிங்கின் சொந்த ஆட்டமும் சுற்றும் வேகமும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அங்கே தொட்டி தறிகெட்டு ஆடும். அந்தச் சில நொடிகள் வெளிப்பெட்டி அசையாமல் நிற்க வேண்டும். ஒரு கால் அந்தரத்தில் இருந்தால் பெட்டியும் சேர்ந்து ஆடுகிறது, பாரம் குறைந்த கால் வழவழப்பான டைல்ஸில் வழுக்குகிறது, மெஷின் நடக்கிறது.

பழுதுபார்க்க வந்த தம்பி முதலில் ரசமட்டத்தைத் தொடவே இல்லை. மேல்மூடியின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மாற்றி மாற்றி அமுக்கினார். டக், டக். “மட்டமெல்லாம் அப்புறம்க்கா. முதல்ல காலு ஊனட்டும்” என்றார். மளிகை பில் ஒன்றை வாங்கி ஒவ்வொரு காலடியிலும் நுழைத்துப் பார்த்தார். மூன்றில் நுழையவில்லை. சுவரோரக் காலடியில் பில் தங்குதடையில்லாமல் உள்ளே போனது. அந்தக் காலுக்கு அடியிலிருந்த டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் சத்தம் வேறு. மெஷினை ஒரு சாண் தள்ளி, கெட்டியான டைல்ஸ் மேல் நிறுத்தினோம்.

பிறகு அவர் கால்களைத் திருகிச் சரிசெய்ததை நீங்களும் செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கூட ஒரு ஆள் மெஷினைச் சாய்த்துப் பிடிக்கட்டும். கால்களை முழுக்க உள்ளே திருகிவிட்டு, எந்த மூலை உயரம் என்று பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தாலே தெரியும். உயரமான மூலையின் காலை அப்படியே விட்டு, மற்றவற்றை மட்டும் தேவைக்கு இறக்குங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு மூலை ஒன்றரை மில்லிமீட்டர் போல உயரும். கால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு உறுதி, நீட்டிவிட்ட கால் தானே ஆடும். மட்டம் வந்ததும் மூலைகளை அமுக்கிப் பார்த்து, டக் சத்தம் போகும்வரை அந்தரத்துக் காலை இறக்குங்கள். பிறகு லாக் நட்டைப் பெட்டியோடு ஒட்ட இறுக்கிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் அதிர்விலேயே கால் திருகிக்கொண்டு மாறிவிடும். பின்கால் திருக முடியாத மாடலுக்கு, ஊறாத, நசுங்காத கெட்டி ரப்பர் துண்டு. சக்கரம் வைத்த ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம்.

புது மெஷின் முதல் நாளே ஆடினால் காலைத் தொடுமுன் பின்பக்கம் பாருங்கள். லாரிப் பயணத்துக்காகத் தொட்டியை முடுக்கிவைத்த போல்ட்டுகளைக் கழற்ற மறந்திருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே மளிகை பில்லை எடுத்து நான்கு காலடியிலும் நுழைத்துப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை.