சங்கிலியால் அளந்த மண்

66 அடி நீளம், 100 கண்ணிகள். இந்தச் சங்கிலியைக் காடுமேடெல்லாம் இழுத்துத்தான் அமெரிக்கா தன் எல்லைப்புற மண்ணை அளந்தது. 1785 செப்டம்பரில் ஓஹையோ ஆற்றங்கரையில் நில அளவையாளர் தாமஸ் ஹட்சின்ஸ் வேலையைத் தொடங்கினார். மூலைக்கு மூலை மரப்பட்டையைச் செதுக்கிக் குறி வைத்தார்கள். ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 துண்டுகள். 16-ஆம் துண்டு பள்ளிக்கூடத்துக்கு, அருமையான ஏற்பாடு! அப்போது ஏக்கர் ஒரு டாலர்தான். ஆனால் குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டியிருந்தது. ஏழைக் குடியானவர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? 1820-ல்தான் 80 ஏக்கர் வாங்கினாலும் போதும் என்றானது. அதற்கு முன்பே ஷானி, டெலவேர் பழங்குடிகள் அந்த மண்ணில் வேட்டையாடி, மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்தவர்கள். சங்கிலி நகர நகர, அவர்கள் மேற்கே விரட்டப்பட்டார்கள்.