கேட்டலும் செவிமடுத்தலும்: கிறித்தவச் செபமரபு பற்றிய ஒரு விளக்கம்

தமிழிலே 'கேள்' என்னும் வினையடி இருபொருள் தருவது. வேண்டுதல் ஒன்று, செவிகொடுத்தல் மற்றொன்று. 'சொற்கேட்டல்' என்னும் வழக்கில் அது பணிந்து நடத்தலையும் குறிக்கும். திருக்குறளின் 'கேள்வி' என்னும் அதிகாரம் வினாத் தொடுத்தலைப் பற்றியதன்று. செவிவழி அறிவு பெறுதலைப் பற்றியதே. செபம் என்றதும் பெரும்பாலோர் முதற்பொருளையே கொள்வர்: மனிதன் கேட்கிறான், இறைவன் கொடுக்கிறான் அல்லது மறுக்கிறான். ஆயின் கிறித்தவ மரபின் ஆழ்ந்த ஓட்டமொன்று இரண்டாம் பொருளையே வலியுறுத்தி வந்துள்ளது. அம்மரபு இரு வினாக்களை எதிர்நோக்கிற்று. செவிமடுத்தல் கற்கப்படக்கூடியதா? கேட்கும் குரல் இறைவனுடையதா, கேட்பவனது விருப்பத்தின் எதிரொலியா? இரண்டாவது வினா நம்பிக்கையாளனுக்கு மட்டும் உரியதன்று. 'இறைவன் என்னோடு பேசினான்' என்னும் உரிமைகோரல் வரலாற்றிலே விடுதலைக்கும் துணைநின்றது, ஒடுக்குமுறைக்கும் துணைநின்றது. ஆதலின் சமயத்தைச் சமூக நோக்கில் ஆராய்வோரும் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

விவிலியத்திலே இதன் அடிப்படையைக் காணலாம். சிறுவன் சாமுவேல் இரவில் தன்னை அழைக்கும் குரலை மும்முறை கேட்டும், அதனை முதிய குரு ஏலியின் குரலென்றே மயங்குகிறான். அழைப்பவர் யாரென்பதை உணர்த்தி, எவ்வாறு மறுமொழி கூறவேண்டுமெனக் கற்பிப்பவர் ஏலியே. இங்கு இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. செவிமடுத்தல் இயல்பாய் அமைவதன்று. பிறர் துணையோடு கற்கப்படுவது. மேலும், சாமுவேல் கேட்ட செய்தி ஏலியின் குடும்பத்தினது ஊழலைக் கண்டிப்பதாகவே அமைந்தது. கேட்கக் கற்பித்தவரே அச்செய்தியினால் தீர்ப்புக்குள்ளானார். எனினும் அதனை மறைக்கவேண்டாமெனச் சிறுவனைப் பணித்தார்.

பிற்காலத் துறவுமடங்கள் இதனை ஒரு பயிற்சி முறையாக வளர்த்தன. 6 ஆம் நூற்றாண்டிலே புனித பெனடிக்ற் இயற்றிய மடவொழுங்கு, செவிமடுக்குமாறு விடுக்கும் அழைப்போடுதான் தொடங்குகிறது. 12 ஆம் நூற்றாண்டிலே கார்த்தூசிய மடத்தைச் சேர்ந்த இரண்டாம் குயிகோ, வாசித்தல், சிந்தித்தல், வேண்டுதல், ஆழ்நிலைத் தியானம் என நான்கு படிகளைக் கொண்ட ஏணியொன்றை வகுத்தார். இவ்வொழுங்கிலே மனிதனது பேச்சு மூன்றாம் படியிலேயே இடம்பெறுகிறது. அதற்கு முன் அவன் தனக்குப் புறம்பான ஒரு நூலுக்குச் செவிகொடுத்தாக வேண்டும். தன் எண்ணத்தையே இறைகுரலாகக் கொள்ளாதிருப்பதற்கு நூல் ஒரு வரம்பாக நின்றது.

வாசிப்பைக் கடந்து, மனத்தின் அசைவுகளையே ஆராயும் முறையை வகுத்தவர் இஞ்ஞாசியார். ஸ்பானிய நாட்டு வீரரான அவர், 1521 ஆம் ஆண்டு பம்ப்லோனாப் போரிலே காலில் படுகாயமுற்று லொயோலாவிலுள்ள தம் இல்லத்திலே படுக்கையிற் கிடந்தார். வீரகாவியங்களை வாசிக்க விரும்பினார். வீட்டிலிருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. போர்ப்புகழையும் உயர்குலப் பெண்ணொருத்தியின் அன்பையும் பற்றிய கற்பனைகள் அப்போதைக்கு இன்பந் தந்து, பின்னர் வறட்சியை விட்டுச் சென்றன. புனிதரைப் பின்பற்றும் கற்பனைகளோ மறைந்த பின்னரும் மகிழ்வை நிலைக்கச் செய்தன. இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டமையே அவரது முறையின் தொடக்கமாகும்.

அவரது 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548 ஆம் ஆண்டு பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரத்தைப் பெற்றது. ஏறத்தாழ முப்பது நாட்களுக்குரிய இப்பயிற்சி, மன ஆறுதலையும் மன வறட்சியையும் பகுத்தறியும் விதிகளைத் தருகிறது. வறட்சி நிலையிலே முன்னைய தீர்மானத்தை மாற்றலாகாது என்பது அவற்றுள் ஒன்று. நல்லதாய்த் தோன்றும் எண்ணமும் ஏமாற்றக்கூடும். அதன் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஆராயவேண்டுமென்பது மற்றொன்று. எனவே, இங்கு 'குரல்' என்பது காதில் விழும் ஒலியன்று. காலப்போக்கிலே சோதித்தறியப்படும் மனப்போக்காகும். இவ்வெச்சரிக்கைக்கு வரலாற்றுச் சூழலும் உண்டு. நேரடி இறையனுபவம் கோரிய 'ஒளிபெற்றோர்' இயக்கத்தை ஸ்பானியச் சமய விசாரணை மன்றம் 1525 இல் கண்டித்திருந்தது. இஞ்ஞாசியாரும் ஐயத்துக்குள்ளாகி, 1527 இல் அல்கலாவிலும் சலமன்காவிலும் சிறைவைக்கப்பட்டார். தனிமனிதன் இறைவனை நேரே கேட்கலாமென்பது அதிகார நிறுவனங்களுக்கு என்றுமே அச்சந்தருவதாயிருந்தது.

17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே ஜோர்ஜ் பொக்ஸ் முதலியோரால் உருவாகிய குவேக்கர் இயக்கம் இச்செவிமடுத்தலைக் கூட்டுச் செயலாக்கிற்று. அவர்களது கூட்டங்களில் குருவுமில்லை, முன்வகுத்த சடங்குமில்லை. யாவரும் மௌனமாய் அமர்ந்திருப்பர். உந்தப்பட்டவர் எழுந்து பேசுவர். பெண்களுக்கும் அவ்வுரிமை இருந்தது. நிர்வாகத் தீர்மானங்களும் வாக்கெடுப்பின்றி, கூட்டத்தின் ஒருமித்த உணர்வை அறிந்தே எடுக்கப்பட்டன.

ஆயின் மௌனம் மட்டுமே போதுமானதா? இதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா கடுமையான விடை தருகிறது. அங்கு குவேக்கர் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். குடியேற்றத்தின் நிறுவுநரான வில்லியம் பென்னும் அவர்களுள் ஒருவர். 1688 இல் ஜேர்மன்ரவுனைச் சேர்ந்த நால்வர் அடிமைமுறைக்கெதிரான எழுத்து மூலக் கண்டனத்தைத் தம் சபைக்குச் சமர்ப்பித்தனர். விடயம் மிகக் கனமானதெனக் கூறி, மாதாந்தக் கூட்டம் காலாண்டுக் கூட்டத்துக்கும், அது வருடாந்தக் கூட்டத்துக்கும் அதனை அனுப்பின. வருடாந்தக் கூட்டம் தீர்ப்பளிக்காது விட்டுவிட்டது.

நியூ ஜேர்சியைச் சேர்ந்த ஜோன் வூல்மன் (1720–1772) இளைஞராய்க் கடையொன்றிலே பணியாற்றியபோது, நீக்ரோப் பெண்ணொருத்தியை விற்பதற்கான பத்திரத்தை எழுதுமாறு அவரது முதலாளி பணித்தார். மனம் உறுத்தியும் அவர் எழுதிக் கொடுத்தார். அவ்வுறுத்தல் அவரை விட்டகலவில்லை. பின்னர் அத்தகைய பத்திரங்களை எழுத மறுத்தார். அடிமை வைத்திருந்தோர் வீடுகளில் தங்கியபோது, தமக்கு ஊழியஞ் செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார். வியாபாரம் பெருகியபோது, அது மனத்தைச் சிதறடிக்கிறதெனக் கண்டு அதனைக் குறைத்துக்கொண்டார். செவிமடுக்கும் ஆற்றல் ஒருவனது பொருளாதார வாழ்வோடு பிணைந்தது என்பதை அவர் நடைமுறையில் உணர்ந்திருந்தார். அவரும் பிறரும் பல்லாண்டு முயன்றதன் பயனாக, 1758 இல் பிலடெல்பியா வருடாந்தக் கூட்டம் அடிமை வைத்திருந்த உறுப்பினரைச் சந்தித்து விடுவிக்கத் தூண்டும் குழுவை அமைத்தது. 1776 இல் விடுவிக்க மறுப்போரைச் சபையினின்று நீக்குவதெனத் தீர்மானித்தது. ஜேர்மன்ரவுன் கண்டனத்திலிருந்து அத்தீர்மானம் வரை 88 ஆண்டுகள் கழிந்தன.

இவ்வெண்பத்தெட்டு ஆண்டுகளிலும் அவர்கள் வாரந்தோறும் மௌனமாய் அமர்ந்தே இருந்தனர். செவி திறந்திருந்தது, ஆனால் உடைமை நலன் அச்செவியை நிறைத்திருந்தது. அடிமைகளாயிருந்தோர் அம்மௌனத்திலே சமமானவராய் இடம்பெறவில்லை. எவர் குரல் கூட்டத்துள் இல்லையோ, அவர் பற்றிய உண்மையே கேட்கப்படாது போயிற்று.

இறைவன் என்பது மனித இயல்பின் புறவெளிப்பாடே என 1841 இல் பொயர்பாக் வாதிட்டார். அவ்வாதத்தை முழுமையாக ஏற்போருக்குச் செவிமடுத்தல் தன்னோடு தான் பேசுதலேயாகும். இம்மறுப்பைச் செபமரபு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் அதே ஐயத்தை வேறு சொற்களில் அதுவே எழுப்பியிருக்கிறது. நூல், காலம், சமூகம் ஆகிய மூன்று உரைகற்களை அது வைத்தமையும் அதனாலேயே. குவேக்கர் வரலாறு நான்காவதொன்றைச் சேர்க்கிறது: கேட்ட குரல் கேட்பவனது வர்க்க நலனுக்கு இசைவானதா, அதற்கு மாறானதா என்பதாகும். 1968 இல் மெடலின் நகரிற் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர் மாநாடும், 1971 இல் வெளிவந்த குஸ்தாவோ குத்தியரேசின் விடுதலை இறையியல் நூலும் வறியோரின் நிலையை இறையியலின் மையத்துக்குக் கொணர்ந்தமை இவ்வுணர்வின் தொடர்ச்சியெனலாம்.

செவிமடுக்கும் செபத்தை நம்பிக்கையாளர் இறைவனோடுள்ள உறவென்பர். நம்பாதோர் மனச்சான்றின் பயிற்சியென்பர். இருசாராரும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். தனக்கு உவப்பானதை மட்டுமே கேட்பவன் இன்னும் செவிமடுக்கத் தொடங்கவில்லை. வூல்மனின் கேட்டல் நிறைவுற்றது மௌனத்திலன்று. எழுத மறுத்த அப்பத்திரத்திலேயாம்.