பழைய பதிவுகள்: முதலில் எடுத்து வைப்போம், பிறகு பூட்டுவோம்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாயும் மகனும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். உதவித்தொகை கேட்டு வரவில்லை. மகனின் கையில் ஒரு பழைய போன் இருந்தது. அவருடைய அத்தா பன்னிரண்டு ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய அடுத்த ஆண்டே மௌத்தாகிவிட்டார். தங்கியிருந்த அறை, கூட இருந்த நண்பர்கள், உம்ரா சென்றபோது பேசி எடுத்த வீடியோ என்று அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அவருடைய சமூக வலைதளக் கணக்கில் மட்டுமே இருந்தன. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. ஓடிபி வரவேண்டிய சிம், ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எப்போதோ செயலிழந்து போயிருந்தது.

"அவங்க குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்" என்றார் அந்தத் தாய்.

கணக்கைத் திறக்க எங்களால் முடியவில்லை. அவருடைய பழைய நண்பர்கள் சிலரைத் தேடிப் பிடித்து, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியிருந்த குரல் பதிவுகளைக் கேட்டு வாங்கினோம். மூன்று கிடைத்தன. அதில் ஒன்று, யாருக்கோ பேருந்து நேரம் சொல்வது. அதையும் அந்தத் தாய் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தோம். நிக்காஹ் பேசி முடித்த ஒரு பெண்பிள்ளையிடம், பழைய பதிவுகளையெல்லாம் உடனே அழிக்கும்படி வீட்டார் சொன்னார்கள். பிள்ளையும் ஒரே இரவில் கணக்கையே நிரந்தரமாக நீக்கிவிட்டது. மறுமாதம் நன்னி மௌத்தானபோதுதான், நன்னியுடன் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் அந்தக் கணக்கோடு போய்விட்டது தெரிந்தது.

ஒரு வீட்டில் எடுத்து வைக்காமல் விட்டதால் இழப்பு. மற்றொரு வீட்டில் எடுத்து வைக்காமல் அழித்ததால் இழப்பு. ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: பழைய பதிவுகளில் முதல் வேலை எடுத்து வைப்பது, பூட்டுவதும் அழிப்பதும் அதற்குப் பிறகுதான்.

அது வாடகை வீடு

நாம் பதிவிட்டது என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறோம். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் நம் இளைஞர்கள் பலரும் இருந்த ஆர்குட், 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் அதில் சேர்ந்தது. அதில் வீடியோ போட்டு வந்தவர்களுக்கு எடுத்து வைக்க அவகாசமே இல்லை.

மூடப்படாத இடத்திலும் விதிகள் மாறுகின்றன. ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போடும் வீடியோக்கள் முன்பு அப்படியே இருந்தன. 2025 பிப்ரவரி முதல் அவை 30 நாட்கள்தான் இருக்கும். பிறகு தாமாக நீங்கிவிடும். திருமணத்தையும் மத்ரஸா ஆண்டு விழாவையும் நேரலை செய்துவிட்டு, 'ஃபேஸ்புக்கில் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூகுள் கணக்கை 2 ஆண்டுகள் தொடாமல் விட்டால், அந்தக் கணக்கையும் அதில் உள்ள படங்களையும் நிறுவனம் நீக்கலாம். வாட்ஸ்அப் கணக்கை 120 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் பொதுவாக அது நீக்கப்படும்.

வாடகை வீட்டில் நம் பொருளை வைத்திருக்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குப் போக மாட்டோம் அல்லவா?

முதல் வேலை: வீட்டுக்குக் கொண்டு வருவது

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நம் பதிவுகள் முழுவதையும் ஒரே கட்டாக இறக்கிக்கொள்ள வழி உண்டு. 'செட்டிங்ஸ்' சென்று 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' திறந்தால், 'உங்கள் தகவல்களும் அனுமதிகளும்' என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும். அதற்குள் தகவல்களைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. பொத்தான்களின் பெயர் அவ்வப்போது மாறும். 'டவுன்லோட்' அல்லது 'எக்ஸ்போர்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, காலம். சும்மா விட்டால் அண்மைக்காலப் பதிவுகள் மட்டும் வரலாம். 'ஆல் டைம்' என்று மாற்றுங்கள். இரண்டாவது, வடிவம். 'எச்டிஎம்எல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இணையப் பக்கம் போலத் திறந்து படிக்கலாம். 'ஜேசன்' என்பது கணினி நிரல் எழுதுவோருக்கானது. மூன்றாவது, படத்தின் தரம். 'ஹை' என்று வையுங்கள்.

கேட்டவுடன் கிடைக்காது. பதிவுகள் அதிகம் இருந்தால் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகும். தயாரானதும் தகவல் வரும். சில நாட்களுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். தவறினால் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். இறக்கியதால் அங்கே உள்ள பதிவுகள் அழிந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அழியாது, நமக்குக் கிடைப்பது ஒரு நகல்தான். மற்றவர்கள் போட்டு உங்களை 'டேக்' செய்த படங்கள் இந்தக் கட்டில் வராது. அவற்றை ஒவ்வொன்றாகச் சேமிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டில் உங்கள் தனிப்பட்ட உரையாடல்களும் இருக்கும். எனவே பிரவுசிங் சென்டரிலோ, அடுத்தவர் போனிலோ இதை இறக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட ஒருவருடன் பேசியதை 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் எடுக்கலாம். படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள் வரையும், படங்கள் இல்லாமல் எடுத்தால் 40,000 வரையும் கிடைக்கும். அத்தா, அம்மாவின் குரல் பதிவுகளைத் தனியாகவும் எடுத்து வையுங்கள். 'சாப்பிட்டியா', 'எப்ப வர்றே' என்பதெல்லாம் இன்று சாதாரணம். ஒரு நாள் அந்த வீட்டுக்கு அதுதான் பெரிய சொத்து.

எடுத்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு நகல் வீட்டு ஹார்டு டிஸ்கில், மற்றொரு நகல் வேறு வீட்டில் உள்ள பிள்ளையிடமோ கூகுள் டிரைவிலோ இருக்கட்டும். பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். கோப்புறைக்கு '2016 பெருநாள்', '2019 தங்கை நிக்காஹ்' என்று ஆண்டோடு பெயர் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத படம் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படாது.

இரண்டாவது வேலை: வகை பிரிப்பது

நகல் கைக்கு வந்த பிறகு, நிதானமாகப் பழைய பதிவுகளைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிப்பது எளிது.

நாலு பேர் பார்ப்பதால் நன்மை உள்ளவை, அப்படியே இருக்கலாம். இரத்ததான அறிவிப்பு, படிப்பு வழிகாட்டல், ஊர் வரலாறு, தொழில் விளம்பரம் போன்றவை இவை.

நமக்கு வேண்டியவை, ஆனால் ஊருக்கு வேண்டாதவை, மறைத்து வைக்க வேண்டியவை. குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் படங்கள், வீட்டு முகவரியோ போன் நம்பரோ தெரியும் படங்கள், ஆதார், பாஸ்போர்ட், விமான டிக்கெட் படங்கள். விசா கிடைத்த சந்தோஷத்தில் பாஸ்போர்ட் பக்கத்தையே படம் எடுத்துப் போட்டவர்கள் நம்மில் உண்டு.

மூன்றாவது, நமக்கும் வேண்டாதவை. மஹல்லா தேர்தல் நேரத்தில் கோபத்தில் எழுதியது, சொத்துப் பிரிவினையில் உறவினரைக் குத்திப் போட்டது, சரிபார்க்காமல் பகிர்ந்த வதந்தி. சண்டை எப்போதோ தீர்ந்திருக்கும். பதிவு மட்டும் அங்கேயே நிற்கும். பிறர் மானத்தைக் காப்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த பண்பு. தலாக் ஆன பெண்ணின் பழைய திருமணப் படங்களை நாம் பகிர்ந்திருந்தால், அவர் கேட்கும் முன்பே நாமாக எடுத்துவிடுவது நல்லது. அந்தப் படம் நம்முடையது போலத் தோன்றினாலும் அது அவருடைய அமானிதம்.

மூன்றாவது வேலை: பூட்டுவது, நீக்குவது

ஃபேஸ்புக்கில் 'ஆக்டிவிட்டி லாக்' என்ற பகுதியில் நம் பதிவுகளை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். பலவற்றை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து 'ஆர்க்கைவ்' செய்தால், அவை நமக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. வேண்டும்போது மீண்டும் வெளியே கொண்டுவரலாம். 'டிராஷ்' என்பது குப்பைத்தொட்டி. அதில் போட்டது 30 நாட்களில் தானாக அழியும். அதற்குள் மனம் மாறினால் மீட்கலாம். இன்ஸ்டாகிராமிலும் ஒரு பதிவை நீக்காமல் 'ஆர்க்கைவ்' செய்யலாம். எனவே சந்தேகம் இருந்தால் அழிக்க வேண்டாம், ஆர்க்கைவ் செய்யுங்கள்.

ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லை என்பவர்களுக்கு, 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்ற வசதி ஃபேஸ்புக்கில் உண்டு. ஒரே அழுத்தலில், இதுவரை எல்லாரும் பார்க்கும்படி போட்ட பழைய பதிவுகள் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாறிவிடும். ஆனால் இதை அதே போல ஒரே அழுத்தலில் திரும்பப் பெற முடியாது. தொழிலுக்காகப் பொதுவில் வைத்த பதிவுகள் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

மற்றவர்களின் பதிவுக்குக் கீழே நாம் எழுதிய கருத்துகள் இதில் அடங்காது. அவற்றையும் 'ஆக்டிவிட்டி லாக்' மூலம் தேடி எடுக்கலாம். நாம் நீக்கினாலும், யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அது அவர்களிடம் இருக்கும். ஆகவே நீக்குவது முழுப் பாதுகாப்பு அல்ல.

காவல்நிலையப் புகாரோ நீதிமன்ற வழக்கோ நடந்துகொண்டிருந்தால் எதையும் அழிக்காதீர்கள். உங்களைக் காப்பாற்றும் சாட்சியும் அதில் இருக்கலாம். அழித்ததே உங்கள் மேல் குற்றமாகவும் ஆகலாம். முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சைபர் குற்றச் சட்டப்படி, ஒருவரின் அனுமதியில்லாமல் அவரைப் படமெடுத்துப் பகிர்வது சிறையும் பெரும் அபராதமும் உள்ள குற்றம். அறைத் தோழர் தூங்குவதை வேடிக்கையாக எடுத்துப் போட்ட வீடியோவும் புகாரானால் சிக்கல்தான். அங்கே வேலை பார்ப்பவர்கள் தங்கள் பழைய பதிவுகளில் இப்படிப்பட்டவை உள்ளனவா என்று பார்த்து நீக்கிவிடுங்கள்.

அமெரிக்க விசா விண்ணப்பத்தில், கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளின் பெயர்களை 2019 முதல் கேட்கிறார்கள். மாணவர் விசா கேட்பவர்கள் கணக்கைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். மேற்படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் கடைசி வாரத்தில் அவசரப்படாமல், இப்போதே தங்கள் பதிவுகளைப் படித்துப் பார்க்கட்டும். கணக்கே இல்லை என்று பொய் எழுதுவது எந்தப் பதிவையும் விட ஆபத்தானது.

ஊர் சிம்மை மறக்காதீர்கள். பழைய கணக்குகள் பலவும் அந்த நம்பரில்தான் இருக்கும். நீண்ட நாள் பயன்படுத்தாத நம்பர் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படும். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். சிம்மை விடுவதென்றால், முதலில் எல்லாக் கணக்குகளிலும் நம்பரை மாற்றுங்கள்.

நமக்குப் பிறகு

மௌத்தைப் பற்றிப் பேச நாம் தயங்குவதில்லை. கஃபனுக்குப் பணம் ஒதுக்கி வைத்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கணக்கையும் அப்படி ஒதுக்கி வைக்கலாம்.

ஃபேஸ்புக்கில் 'லெகசி காண்டாக்ட்' என்று ஒருவரை நியமிக்கலாம். நம் மறைவுக்குப் பிறகு கணக்கு நினைவுக் கணக்காக மாற்றப்பட்டால், அவர் அதைக் கவனித்துக்கொள்வார். நம் உரையாடல்களை அவரால் படிக்க முடியாது. கணக்கே வேண்டாம், நீக்கிவிடுங்கள் என்றும் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' மூலம், நாம் சில மாதங்கள் கணக்கைத் தொடாவிட்டால் நாம் குறிப்பிடும் ஆட்களுக்குப் படங்கள் கிடைக்கும்படி செய்யலாம். 10 பேர் வரை குறிப்பிடலாம். இதெல்லாம் கஷ்டம் என்றால், கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் இடத்தை மட்டும் சொல்லி வையுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போன் தெரிந்த பிள்ளை அத்தாவின் கணக்குக்கும் நன்னியின் வாட்ஸ்அப்புக்கும் நகல் எடுக்கும் வேலையைத் தொடங்கட்டும். அன்று எதையும் அழிக்க வேண்டாம். எடுத்து வைப்பது மட்டும் போதும். மற்றதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

செய்யத் தெரியாதவர்கள் போனோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே செய்வோம். அந்தத் தாய்க்கு மூன்று குரல் பதிவுகளோடு நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்து வருகிறவருக்கு அப்படி ஆக வேண்டாம்.