ஆரஞ்சுக்குள் ஒரு நாடு

கிரீஸ் நாட்டில் ஆரஞ்சுப் பழத்துக்குப் பெயர் 'போர்டோகாலி', ருமேனியாவில் 'போர்டோகாலா'. இரண்டிலும் ஒளிந்திருப்பது போர்த்துகல். நெதர்லாந்துக்காரர்களுக்கோ அது 'சினாசாப்பல்', அதாவது சீனத்து ஆப்பிள். ஸ்பெயினில் 'நரான்ஹா'. ஒரே பழத்துக்கு ஏன் இத்தனை பெயர்? ஐரோப்பாவுக்குள் வந்தது ஒரு பழமல்ல, இரண்டு என்பதுதான் காரணம். முதலில் அரேபியர் கொண்டுவந்தது புளிப்பு ஆரஞ்சு. அவர்கள் சொன்ன 'நாரஞ்ச்', பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போகிறது; அதற்கும் அடியில் நம் நாரத்தையின் உறவு இருக்கலாம் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். இனிப்பு ஆரஞ்சு பிந்தி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் அதைப் பெருமளவில் பரப்பியவர்கள் போர்த்துகீசியர். பிறந்த ஊரை விட, விற்றவன் ஊரே பல மொழிகளில் பழத்தோடு ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் போர்த்துகீசியர் மட்டும் ஏன் 'லரான்ஜா' என்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சொந்த ஊர்ச் சந்தையில் ஊர்ப்பெயரைச் சொல்லி விற்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லையே! தவிர, அரபு ஆட்சியில் பல நூற்றாண்டு இருந்த, போர்த்துகலும் ஸ்பெயினும் அடங்கிய ஐபீரியாவில் புளிப்பு ஆரஞ்சு ஏற்கெனவே பழகிப்போயிருந்தது. புதுப் பழமும் பழைய பெயருக்குள் அடங்கிவிட்டது. இரண்டு பழங்கள், இரண்டு வரவுகள் என்பது வெறும் ஊகம் என்பவர்களுக்குக் கிரேக்க மொழியே பதில் வைத்திருக்கிறது: இனிப்புக்குப் 'போர்டோகாலி', புளிப்புக்கு இன்றும் 'நெரான்ட்ஸி'. 'நாரஞ்ச்' என்ற சொல்லை ஐரோப்பாவுக்குக் கொடுத்த அரேபியர்களே இன்று இனிப்பு ஆரஞ்சை 'புர்துகால்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.